கறுப்பு டேப்பின் ஓரம்

தோவாளை தாண்டியதுமே கார் மீட்டர்மேல் ஒட்டியிருந்த கறுப்பு டேப்பின் ஓரத்தில் கசிந்த வெளிச்சம் மஞ்சள் இல்லை என்று பகவதிக்குத் தோன்றியது. தோன்றுகிறது என்றுதான் முதலில் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அவளுக்குத் தோன்றுவதற்கெல்லாம் அந்த வீட்டில் என்றைக்கும் பெரிய மதிப்பு இருந்ததில்லை. காலை வெயில் வலப்பக்கக் கண்ணாடி வழியாக வந்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த வட்டங்களின்மேல் விழுந்து கிடந்தது, அதனால்கூட அப்படித் தெரியலாம். லாரி ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது, அதன் சிவப்பு விளக்கு கண்ணிலேயே ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். பக்கத்து இருக்கையில் அவள் கணவர் தாணுமாலயன் மடியில் தலையணையை வைத்து அதில் நெற்றியைப் புதைத்து, தொழுகிற ஆளைப் போலக் குனிந்து உட்கார்ந்திருந்தார். இடது கண்ணில் விழித்திரை கழன்று திருநெல்வேலியில் ஆபரேஷன் ஆகியிருந்தது. கண்ணுக்குள் வாயுவை நிரப்பியிருக்கிறார்கள், அந்தக் குமிழ் மேலே எழும்பி விழித்திரையைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கவேண்டுமென்றால் முகம் எப்போதும் தரையைப் பார்த்தே இருக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்றைக்கு மறுபரிசோதனை. ஆகவே பாலிடெக்னிக்கில் ஆயுள் முழுக்க இன்ஜின் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற மனிதர் ரோட்டைப் பார்க்க முடியாமல், மீட்டரைப் பார்க்க முடியாமல், காதை மட்டும் வைத்துக்கொண்டு அவள் கையால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். "நாலுக்கு மாத்து" என்றார் தலையணைக்குள்ளிருந்து. "மாத்தியாச்சு" என்றாள் பகவதி. "சத்தம் அப்பிடி இல்லியே" என்றார். அவள் டேப்பின் ஓரத்தைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள், மறுபடி டேப்பின் ஓரத்தைப் பார்த்தாள்.

அந்த டேப்பை ஒட்டியவர் அவர்தான். எந்த வருஷம் என்று நினைவில்லை, வண்டி அப்போது ஓரளவு புதுசு. அவருடைய தங்கை மகள் கல்யாணத்துக்கு மார்த்தாண்டம் போகிற வழியில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. அவள்தான் முதலில் பார்த்துச் சொன்னாள். "அது சென்சராக்கும். வண்டிக்கு ஒண்ணுமில்ல" என்றார். மறுநாளும் எரிந்தது. அதற்கடுத்த நாள் அவர் வொர்க் ஷாப்பிலிருந்து வயருக்குச் சுற்றுகிற கறுப்பு டேப்பைக் கொண்டுவந்து, விரல்நகம் அளவு கிழித்து, மீட்டர் கண்ணாடிமேல் ஒட்டி, கட்டைவிரலால் தேய்த்து, "கண்ண உறுத்திக்கிட்டே இருக்கு சவம்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். வண்டி ஓடத்தான் செய்தது. ஓடுகிறதே, அது போதாதா என்பதுதான் அவர் கட்சி. ஒண்ணுமில்ல. அந்தச் சொல்லை எத்தனை தடவை கேட்டிருப்பாள். கழிவறைச் சுவரில் ஈரம் ஏறியபோது ஒண்ணுமில்ல, பிறகு சுவர் உப்பி உதிர்ந்தது. அவளுக்கு மாதக்கணக்கில் உதிரம் நிற்காமல் போனபோது, இந்த வயசுல எல்லாருக்கும் உள்ளதாக்கும், ஒண்ணுமில்ல. அவளே தனியாக ஆட்டோ பிடித்துப் போய்க் காட்டினாள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வந்து படுத்திருந்தவளிடம் ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டே, "பாத்தியா, ஒண்ணுமில்லாமப் போச்சு" என்றார். அன்பில்லாதவர் என்று சொல்ல முடியாது. சுளையிலிருந்து நாரை ஒவ்வொன்றாக எடுத்துத்தான் கொடுத்தார். கெட்ட சேதி தன் வீட்டு வாசலில் வந்து நிற்பதை அவரால் பொறுக்க முடியாது, அவ்வளவுதான். வந்தால் அதன் முகத்தில் ஒரு டேப்பை ஒட்டிவிடுவார்.

முன்னால் போன லாரி தூரமாகிவிட்டது. அதன் விளக்கு இப்போது இல்லை. டேப்பின் ஓரம் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. மஞ்சளாக இருக்கவேண்டும், அவர் ஒட்டியது மஞ்சளுக்குமேல். மஞ்சள் எப்படிச் சிவக்கும்? ஒருவேளை டேப் பழசாகி, பசை இளகி, அதன் வழியாக வருகிற மஞ்சள் இப்படித் தெரிகிறதோ. எந்தப் பசை மஞ்சளைச் சிவப்பாக்கும்? அவள் பெண்கள் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறவள். நிலவரைபடத்தைப் பலகையில் தொங்கவிட்டு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வருஷாவருஷம் கேட்பாள், நீலக் கோடு என்ன, சிவப்புக் கோடு என்ன, புள்ளி வைத்த கோடு என்ன என்று. ஓரத்தில் இருக்கிற குறிவிளக்கத்தை ஒரு பிள்ளை கையால் மறைத்துக்கொண்டு சொல்லப் பார்த்தால், மறைச்சுக்கிட்டு ஆத்தையும் ரோட்டையும் எப்படிப் பிள்ள பிரிச்சுப் பாப்ப என்பாள். இப்போது அவளே மறைத்த குறியைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறாள். நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டினால் தெரிந்துவிடும். ஆனால் சுரண்டினால் சத்தம் கேட்கும், கேட்டால் அவர் கேட்பார், கேட்டால் சொல்லவேண்டும், சொன்னால் ஒண்ணுமில்ல என்பார். அந்த ஒண்ணுமில்லவைக் கேட்கவேண்டுமே என்கிற சலிப்பில்தான் அவள் எத்தனையோ தடவை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். "என்ன, சத்தத்தையே காணும்?" என்றார் அவர். "ஓட்டுகேன்லா" என்றாள்.

ஓட்டுகேன். அந்தச் சொல் வாயில் புதிதாக இருந்தது. லைசென்ஸ் எடுத்தது கல்யாணமான புதிதில். ஒரு நாள் வண்டியை உள்ளே விடும்போது வாசல் கேட்டின் தூணில் லேசாக உரசிவிட்டது. அவர் கத்தவில்லை. சாவியை வாங்கி சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், அது பிறகு அந்தப் பையைவிட்டு வெளியே வரவேயில்லை. இந்த ஆபரேஷன் வந்திராவிட்டால் இன்றைக்கும் வந்திராது. கார் பிடித்துப் போகலாம் என்றார், வேண்டாம் என்றாள். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து மறுபடி பழகினாள். சொல்லிக்கொடுத்த ஜெஸி என்கிற பெண், கிளம்புவதற்கு முன்னால் சாவியைப் பாதி திருப்பி எல்லா விளக்கையும் ஒருதடவை எரியவிட்டுக் காட்டுவாள். "பச்சையும் நீலமும் சும்மா தகவல் டீச்சர். மஞ்சள்னா வீட்டுக்குப் போயிட்டுக் காட்டலாம். சிவப்புன்னா வீட்டுக்குப் போகண்டாம், எங்க நிக்கிறீங்களோ அங்க நிறுத்துங்க." ஸ்கூல் வண்டியில் டேப் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. திருவிழாப் பந்தல் மாதிரி எல்லாம் ஒரு நொடி எரிந்து அணையும். மூக்குக் குழாய் வைத்த எண்ணெய்க் கிண்டி, பேட்டரிப் பெட்டி, ஆச்சரியக்குறியைச் சுற்றிய வட்டம், அலைமேல் நட்டுவைத்த கோல் மாதிரி ஒன்று. "அந்தக் கோல் வண்டி குளிர்ந்திருக்கும்போது நீலமா எரிஞ்சு அணையும், சிவப்பா எரிஞ்சா இன்ஜின் கொதிக்குகுன்னு அர்த்தம்" என்று ஜெஸி சொன்னது அவள் சொன்ன குரலிலேயே ஞாபகம் வந்தது. அலைமேல் கோல். அவர்கள் வண்டியில் அந்தக் கோல் எங்கே இருக்கிறது? இந்த வண்டியை எடுக்கும்போது அது நீலமாக எரிந்து அணைகிறதை அவள் பார்த்ததே இல்லை. ஏன் பார்த்ததே இல்லை?

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைந்ததும் காற்று வண்டியைப் பக்கவாட்டில் பிடித்துத் தள்ளியது. ஆனி மாசக் காற்று. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் காற்றாலைகள் நின்று சாவகாசமாகச் சுற்றின. அவள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள். "காத்துக்கு இறுக்கிப் பிடிக்கண்டாம், விட்டுப் பிடி" என்றார் அவர். சரியாகத்தான் சொன்னார். அதுதான் அவரிடம் உள்ள தொந்தரவு, பாதி சரியாகச் சொல்லிவிடுவார், அதனால் மீதியையும் நம்பவேண்டியதாகிவிடும். அப்போதுதான் அந்த வாசனை வந்தது. வெல்லப்பாகு அடிப்பிடித்த மாதிரி, இனிப்பாக, தொண்டையில் ஒட்டுகிற மாதிரி. வெளியே எங்கேயாவது கருப்பட்டி காய்ச்சுகிறார்களா? இந்தக் காற்றிலா? ஜன்னல்கள் மூடியிருந்தன. வாசனை ஏசி வழியாக வந்தது. அவருக்கும் வந்திருக்கவேண்டும். தலையணையில் அவர் தலை லேசாக அசைந்தது, பிறகு அசையாமல் இருந்தது. சொல்லமாட்டார். ஈயைப் பற்றியும் அவர் சொல்லவில்லை. சித்திரை மாசம், சாப்பாட்டு மேசையில், இல்லாத ஈயைக் கையால் ஓட்டினார். "எங்க ஈ?" என்று அவள் கேட்டாள். "போச்சு" என்றார். மறுநாளும் ஓட்டினார். கண்ணுக்குள் கறுப்புக் கறுப்பாக மிதந்திருக்கிறது, ஓரத்தில் மின்னல் மின்னியிருக்கிறது, எதையும் சொல்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு நாள் இடது பக்கக் கதவு நிலையில் போய் மடாரென்று இடித்து நெற்றி வீங்கிய பிறகுதான் அந்தப் பக்கம் திரை விழுந்த மாதிரி இருட்டாக இருக்கிறது என்று வாயைத் திறந்தார். மின்னல் வந்த அன்றைக்கே வந்திருந்தால் லேசரோடு முடிந்திருக்கும் என்றார் டாக்டர். கண்ணே மின்னி மின்னிச் சொல்லியிருக்கிறது. கேட்க ஆளில்லை.

கோபம் வந்தது. அவர்மேல் மட்டுமல்ல, இந்த வாசனைமேல், இந்தக் காற்றின்மேல், சுரண்டலாமா வேண்டாமா என்று தோவாளையிலிருந்து நினைத்துக்கொண்டே வந்த தன் விரல்மேல். யாரிடம் கேட்கவேண்டும்? ஸ்டியரிங் யார் கையில் இருக்கிறது? அவள் வலது கையால் வண்டியை நேராகப் பிடித்துக்கொண்டு இடது கையை ஸ்டியரிங்கின் இடைவெளியில் நுழைத்து டேப்பின் நுனியை நகத்தால் நெம்பினாள். முதலில் வரவில்லை. வருஷக்கணக்கில் வெயிலில் இறுகிப்போன பசை. "என்னத்தச் சுரண்டுக?" என்றார் அவர். "டேப்ப எடுக்கேன்."  "எதுக்கு?" "கீழ என்ன இருக்குன்னு பாக்கணும்." "நாந்தான் சொல்லியிருக்கேன்லா, அது சென்சராக்கும்." "நீங்க சொன்னது தெரியும்" என்றாள் பகவதி, "விளக்கு என்ன சொல்லுகுன்னு பாக்கேன்." அப்படி ஒரு வாக்கியம் தன் வாயிலிருந்து வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. டேப் பாதி கிழிந்து கையோடு வந்தது. கீழே மஞ்சள் இன்ஜின் படம் வழக்கம்போல எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில், அவர் கட்டைவிரல் சேர்த்து மூடியிருந்த இடத்தில், அலைமேல் நட்ட கோல். சிவப்பு. காளியின் நாக்குபோலச் சிவப்பு.

அவள் ஏசியை நிறுத்தினாள், இண்டிகேட்டர் போட்டாள், கண்ணாடியில் பின்னால் பார்த்தாள், இடது ஓரம் ஒரு புளியமரத்துக்குப் பக்கத்தில் மண்ணில் இறக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்தாள். எல்லாவற்றையும் வரிசையாகத்தான் செய்தாள். அணைந்த பிறகும் பானட்டுக்குள் ஏதோ குமுறிக்கொண்டிருந்தது. "ஏன் நிறுத்துன?" "சூட்டு விளக்கு சிவப்பா எரியுகு." "அது அப்பிடித்தான் காட்டும். பனகுடி வரை போயிரும் பாத்துக்க. அங்க வொர்க் ஷாப் உண்டு." "போகாது." "எனக்குத் தெரியாதா? எத்தன இன்ஜின் பிரிச்சிருப்பேன்." "பிரிச்சிருப்பீங்க" என்றாள், "இது இப்ப கொதிச்சிக்கிட்டு இருக்கு." அவர் தலையணைக்குள்ளேயே பல்லைக் கடிப்பது தெரிந்தது. "அப்பம் பானட்டைத் திற. ரேடியேட்டர் மூடியத் துணி வச்சுத் திருகி, நம்ம குடிக்கிற தண்ணிய ஊத்து. பெரிய வித்தையா." அவள் இறங்கினாள். காற்று சேலைத் தலைப்பைப் பிடுங்கிக் கழுத்தைச் சுற்றியது. பானட் இடுக்கிலிருந்து ஆவி வந்து வந்த வேகத்தில் காற்றோடு போனது, கீழே மண்ணில் ரேடியேட்டர் தண்ணி அதே இனிப்பு வாசனையோடு பச்சையாகச் சொட்டி, சின்னக் குழியாகியிருந்தது. மூடியைத் திறக்கக் கூடாது. அது ஜெஸி சொல்லித் தெரியவேண்டியதில்லை, பிரஷர் குக்கர் வைக்கிற எவளுக்கும் தெரியும். அவள் திறக்கவில்லை. பின்பக்கத்திலிருந்து சிவப்பு முக்கோணத்தை எடுத்துத் தூரமாக வைத்து, காற்றில் சாயாமல் அடியில் ஒரு கல்லைச் சாய்த்தாள். திரும்பி வந்து தன் பக்கக் கதவைத் திறந்து, "திறக்கமாட்டேன். நம்ம பஸ்ஸுல போவோம்" என்றாள்.

"பகவதி" என்றார் அவர். பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டு எவ்வளவு காலமாயிற்று. அவள் குனிந்தாள். தரையைப் பார்த்த முகத்திலிருந்து குரல் வந்தது. "வண்டிய எடு. எனக்குக் கீழருந்து கறுப்பா ஏறுகு." அவளுக்கு உடனே புரியவில்லை. "எங்க கறுப்பா?" "கண்ணுல. மறுபடி." காற்றாலையின் சுழல்கிற நிழல் ஒன்று வண்டிமேல் விழுந்து விழுந்து போய்க்கொண்டிருந்தது. "எப்பருந்து?" அவர் தலையணையை இறுக்கிக்கொண்டார். "கேக்கேன்லா, எப்பருந்து?" "முந்தாநாள் ராத்திரி. வாயுக் குமிழாக்கும்னு நினைச்சேன். அது அலம்பும்னு டாக்டர் சொன்னாருல்லா." முந்தாநாள். நேற்று முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாளை வாசித்துக் காட்டினாள். இட்லியைப் பிட்டுச் சட்னியில் தொட்டுக் குனிந்த வாய்க்குக் கொடுத்தாள். அப்போதெல்லாம் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. அவளுக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. கதவை அறைந்து சாத்திவிட்டு ரோட்டோரமாகக் காற்றுக்குள் நடந்து போய்விடவேண்டும் போல இருந்தது. அந்தக் குனிந்த பிடரியில், கத்திரிக்காமல் வளர்ந்திருந்த நரைமுடியில், கையை வைக்கவேண்டும் போலவும் இருந்தது. எதையும் செய்யவில்லை. ஏனென்றால் அவள் கை அதற்குள் சாவிக்குப் போயிருந்தது. ஏறி உட்கார்ந்து சாவியைப் பிடித்தும்விட்டாள். கண்ணல்லவா. வண்டி போனால் போகட்டும், இரும்பு. பனகுடி வரை, அவர் சொல்கிறபடி, போகவும் செய்யலாம், அவர் பாதி சரியாகத்தான் சொல்வார். ஓடிக்கொண்டே இருந்தால் ஓடிவிடலாம். அழுத்திப் போனால் டாக்டர் இருக்கும்போதே போய்விடலாம். சாவியைத் திருப்ப ஒரு நொடி போதும். அந்த நொடியில் கோல் மறுபடி சிவப்பாக எரியும், அதைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தால் போயிற்று. அப்படித்தானே அவர் முதன்முதலில் டேப்பை ஒட்டியிருப்பார் என்று அவளுக்கு அப்போது பட்டது. கெட்டவராக இருந்து அல்ல. அவசரத்தில், பயத்தில், ஒரு கல்யாணத்துக்கு நேரமாகிறது என்று. அவள் கை சாவியிலேயே இருந்தது. கொதிக்கிற இன்ஜின் காவல்கிணறு தாண்டி வெட்டவெளியில் இறுகி நின்றால்? அங்கே வண்டி எல்லாம் பறக்கும், யாரும் பிரேக்கைத் தொடமாட்டார்கள். இவர் குனிந்தபடி, கறுப்பு ஏறியபடி, அவள் கையை நீட்டி நீட்டி. இல்லை. கண்ணைக் காப்பாற்றவேண்டும் என்றால் இந்த வண்டியில் போகக் கூடாது. அவள் சாவியை உருவி எடுத்தாள். "எடுட்டி வண்டிய" என்றார். "எடுக்கமாட்டேன்" என்றாள். "என் கண்ணு போகட்டும்ங்கியா?" "போகண்டாம்னுதான் எடுக்கமாட்டேங்கேன். இறங்குங்க. தலையத் தூக்காதீங்க. என் கையப் பிடிங்க."

திருநெல்வேலிக்கு இடையில் நிற்காமல் போகிற பஸ்தான் முதலில் வந்தது. அது நிற்காது என்று அவளுக்குத் தெரியும். அவர் தோளை ஒரு கையால் அணைத்துக் குனிய வைத்தபடி, மற்றக் கையை உயரத் தூக்கிக்கொண்டு, மண்ணிலிருந்து தாரில் இரண்டு எட்டு வைத்து நின்றாள். ஹாரன் அலறியது. அவர் "ஓரமா வா, கொன்னுரப் போறான்" என்றார். அவள் நகரவில்லை. வகுப்பறையில் சத்தம் அடங்குகிற வரைக்கும் அசையாமல் நிற்பாளே, அந்த நிற்பு. பஸ் மூச்சுவிட்டுக்கொண்டு முன்னால் வந்து நின்றது. படியில் நின்ற கண்டக்டர், "யம்மா, இது இடையில நிக்காத வண்டி, தெரியாதா?" என்றார். "நிக்கத்தானே செஞ்சிருக்கு" என்றாள் பகவதி. "கண் ஆபரேஷன் பண்ணின ஆளு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். டிக்கெட் முழுசுக்கும் போடுங்க." கண்டக்டர் குனிந்து நின்ற மனிதரைப் பார்த்தார், ஆவி விட்டுக்கொண்டிருந்த வண்டியைப் பார்த்தார், விசிலை விட்டுவிட்டு அவருடைய மறுகையைப் பிடித்து மேலே தூக்கினார். மூன்று பேர் சீட்டில் தனியாக இருந்த ஒரு பெண் எழுந்து முன்னால் போய் இடம் கொடுத்தாள். "படுங்க" என்றாள் பகவதி தன் மடியைக் காட்டி. பஸ்ஸில் எப்போதும் ஆண்கள் பக்கத்தில் தனியாக உட்காருகிற மனிதர் அவர். "எல்லாரும் பாப்பாவ" என்றார் மெதுவாக. "பாக்கட்டும்." கவிழ்ந்து படுத்தார். முகத்தின் சூடு சேலை வழியாக முழங்காலில் தெரிந்தது.

அவள் போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போட்டாள். எடுத்த சிஸ்டரிடம் பேரைச் சொன்னாள். "இன்னைக்கு ரெவ்யூக்கு வரணும், வந்துக்கிட்டிருக்கோம். ஆனா அது இல்ல விஷயம்" என்றாள். மடியில் அவர் கை அவள் புடவையைப் பிடித்து லேசாக இழுத்தது. சொல்லண்டாம் என்கிற இழுப்பு. நேரில் போய் நானே சொல்லிக்கிடுவேன் என்கிற, ஒண்ணுமில்லாமல் போய்விடாதா என்கிற, இத்தனை வருஷத்து இழுப்பு. பஸ்ஸில் எல்லோரும் கேட்கிற குரலில் பகவதி சொன்னாள். "ஆபரேஷன் பண்ணின கண்ணுல மறுபடி திரை விழுது சிஸ்டர். கீழருந்து கறுப்பா ஏறுது. முந்தாநாள் ராத்திரியில இருந்து." அந்தப் பக்கம் யாரிடமோ பேசுகிற சத்தம் கேட்டது. பிறகு சிஸ்டர் வந்து, டோக்கன் போட்டுக் காத்திருக்கவேண்டாம், நேராக மேலே வாங்க, டாக்டர் போகாமல் இருப்பார், தியேட்டரைத் தயார் பண்ணச் சொல்லியிருக்கார், இனி தண்ணிகூடக் கொடுக்காதீங்க என்றாள். "இப்பமாவது சொன்னீங்களே" என்றும் சொன்னாள். பகவதி போனைப் பையில் போட்டாள்.  

முப்பந்தல் தாண்டி வெளி திறந்தது. மலை பின்னால் போய், ரோடு நேராக, வெளிச்சமாக முன்னால் கிடந்தது. புடவையை இழுத்த கை இன்னும் புடவையிலேயே இருந்தது, ஆனால் இப்போது இழுக்கவில்லை, சும்மா பிடித்திருந்தது. "கண்ணு கிடைக்குமா?" என்று அவர் கேட்டார். கிடைக்கும், ஒண்ணுமில்ல என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்று அவள் நினைத்தாள், நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. "தெரியாது" என்றாள். "டாக்டர் பாத்துட்டுச் சொல்லட்டும்."  பஸ் ஒரு பாலத்தில் ஏறி இறங்கியபோது தலை ஆடாமல் அவள் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். பிறகு, எந்த ஊரிலும் யாரிடமும் வழி கேட்டிராத அந்த மனிதர் மடிக்குள்ளிருந்து கேட்டார். "ஏட்டி, இப்ப எதுவரைக்கும் வந்திருக்கோம்?" எழும்பிப் பார்க்கிற மாதிரி கழுத்து விறைத்தது. பகவதி பிடரியில் கையை வைத்து அழுத்தினாள்.

"தலையத் தூக்காதீங்க" என்றாள். "நான் பாத்துச் சொல்லுகேன்."